முதல் கரண்டி எனக்கு

இன்று மத்தியானம் ஆஸ்பத்திரித் தட்டொன்றின் மூடியைத் திறந்தேன். வெந்து குழைந்து எது எதுவென்று தெரியாமல் போன காய்கறிகளின் மணம் ஆவியோடு எழுந்தது. உடனே நீயும் நானும் வெள்ளை மேலங்கியோடு நின்ற நெதர்லாந்துப் பயிற்சிச் சமையலறை நினைவுக்கு வந்தது. நீ போய் ஒரு வருடம்கூட ஆகவில்லை.

உணவியல் என்றால் புத்தகமும் கணக்கும் என்று நம்பிச் சேர்ந்தவர்கள் நாங்கள். விழுங்கச் சிரமப்படுகிறவர்களுக்கான பாடம் தொடங்கிய அன்று, டச்சு ஆசிரியை அரைத்த சாப்பாட்டை எங்கள் முன்னால் வைத்து, மூன்று நாளைக்கு உங்களுக்கும் இதுதான் என்றுவிட்டார். நோயாளிக்கு எழுதிக்கொடுக்கப் போகிறவர் முதலில் தானே சாப்பிட்டுப் பார்ப்பது அங்கே படிப்பின் ஒரு பகுதி. நான் முகம் சுளித்தேன். நீ மூக்கைப் பிடித்துக்கொண்டு கிண்ணத்தை வழித்துத் தின்றாய்.

"எங்களால விழுங்கேலாததை ஒருத்தருக்கும் எழுதிக் குடுக்கக்கூடாதடி" என்றாய்.

பிறகு சிநேகிதிகள் இருவருமாக மொன்றியலுக்கு வந்தோம். இங்கே அந்தப் பட்டம் மட்டும் போதாது, மேலதிகப் பாடங்களும் மேற்பார்வையில் பயிற்சியும் வேண்டும், எல்லாம் பிரெஞ்சில் என்றார்கள். நீ விடாமல் முடித்து டவுன்டவுன் ஆஸ்பத்திரி ஒன்றில் சேர்ந்தாய். நான் நகரின் அஹுன்ட்சிக் பகுதியில் ஒரு கார்டெரியில், குழந்தைகள் காப்பகத்தில், சமைத்துக்கொண்டிருந்தேன். "பட்டத்தைச் சுவரில கொழுவிப்போட்டுக் கரட் சீவுறாய்" என்று நீ சீண்டாத நாளில்லை. உன் செத்தவீடு முடிந்த கிழமையே விண்ணப்பித்தேன். இப்போது பயிற்சியில் இருக்கிறேன்.

இன்றைய தட்டு யாழ்ப்பாணத்து ஐயா ஒருவருக்கு வந்தது. பக்கவாதத்துக்குப் பிறகு அரைத்த உணவைத்தான் விழுங்க முடியும். ஆனால் அவரோ நாலு நாளாக மத்தியானமும் இரவும் தட்டைத் தொடவில்லை. பசியில்லை என்று குறிப்பில் எழுதியிருந்தார்கள். இப்படியே போனால் நாளை மறுநாள் மூக்கு வழியாகக் குழாய் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். மகள் பார்க் எக்ஸ்டென்ஷனில் இருந்து வேலை முடிந்து பின்னேரம்தான் வருவார்.

நான் தமிழில் கதைத்ததும் ஐயா என்னை நிமிர்ந்து பார்த்தார். தட்டில் இருந்த பழுப்புக் கூழை மெல்லக் காட்டினார்.

"பிள்ளை, இது மாட்டிறைச்சியோ?"

"மகளிட்டை ஏன் ஐயா கேக்கேல்லை?"

"அவள் போய் நேர்ஸ்மாரைக் கேப்பாள். நல்லது செய்யிற சனம். கேட்டால் குறை சொல்லுறன் எண்டு நினைப்பினம்."

எனக்குக் கோபமும் வந்தது, அழுகையும் வந்தது. மரியாதைக்காகப் பட்டினி கிடக்க எங்கள் ஆட்களால்தான் முடியும். தட்டோடு வந்த துண்டுச் சீட்டில் பருப்பு என்று பிரெஞ்சில் தெளிவாகப் போட்டிருந்தது. சொன்னேன். அவர் தலையாட்டினாரே தவிர வாயைத் திறக்கவில்லை.

வேறொரு கரண்டி எடுத்து, ஓரத்தில் அள்ளி, அவர் பார்க்கத் தின்றேன்.

"பருப்புத்தான் ஐயா. கொஞ்சம் வெங்காயம் போட்டிருக்கினம்."

பின்னால் நின்ற மேற்பார்வையாளர், பயிற்சிக்கு வந்தவர் நோயாளியின் தட்டில் சாப்பிடுவதில்லை என்று பிரெஞ்சில் சொன்னார். என் பிரெஞ்சில் டச்சு வாடை அடிக்கும் என்று நீ சிரிப்பாயே, அதே பிரெஞ்சில் பதில் சொன்னேன். நான் படித்த இடத்தில் சாப்பிட்டுப் பார்க்காமல் கொடுப்பதில்லை. இவருக்குப் பசி இருக்கிறது, மாட்டிறைச்சியோ என்ற பயமும் இருக்கிறது, அதைக் குறிப்பில் எழுதுங்கள் என்றேன். ஒரு வார்த்தையிலும் தடுமாறவில்லை.

ஐயா வாயைத் திறந்தார். ஒரு கரண்டி, இன்னொரு கரண்டி. பாதித் தட்டு போனதும் கையைத் தூக்கி நிறுத்தினார்.

"உப்புக் காணாது பிள்ளை."

சாகத் துணிந்தவர் உப்புக் கேட்பதில்லை. மேற்பார்வையாளர் என்னைப் பார்த்தார், பேனாவை எடுத்தார், பழைய குறிப்பை வெட்டினார். குழாயை இப்போதைக்குத் தள்ளிவைக்க மருத்துவரிடம் தானே கதைப்பதாகச் சொன்னார். என் மதிப்பீட்டில் என்ன எழுதுவார் என்று தெரியவில்லை. எழுதட்டும். இந்தப் பயிற்சியை முடிக்காமல் விடமாட்டேன்.

இன்று ஆஸ்பத்திரிப் படிகளில் இறங்கும்போது உன்னை அழைக்கக் கைப்பேசியை எடுத்துவிட்டேன். யாரிடம் போய் இதைச் சொல்வது? அதனால்தான் எழுதுகிறேன். நாளை மத்தியானத் தட்டு வரும்போது அந்தக் கட்டிலருகே நிற்பேன், முதல் கரண்டிக்கான பசியோடு.