பனிக்கடியில் கேட்டது

என் உயிரைக் காப்பாற்றிய மாவீரருக்கு,

நேற்றும் தாவோஸ் ஊர் மதுக்கடையில் உட்கார்ந்து, மனைவியின் பெயரைச் சொல்லிக் கதறியபடியே பனியைத் தோண்டியதாக அளந்தீர்களாம்.

அன்று காலை அந்த மலைச்சரிவில் பனிச்சறுக்குப் பலகையை வைத்ததுமே அடியில் 'தொம்'மென்று பனி அமுங்கியது. மேல்பனி அடிப்பனியோடு ஒட்டவில்லை, திரும்பிவிடுவோம் என்றேன். நீங்கள் உங்கள் நண்பன் ஆந்திரியைப் பார்த்துச் சிரித்தீர்கள்.

"கூரையிலேர்ந்து பனி விழுந்தாலே அலறுறவ இவ. ஒண்ணும் ஆகாது, நீ முன்னால போடி."

பாதிச் சரிவைக் கடப்பதற்குள் பனி மொத்தமும் பெயர்ந்து வந்து என்னை மூடியது.

கத்தினேன். உங்களுக்குக் கேட்டிருக்காது. பனிக்குள்ளிருந்து கத்துவது வெளியே கேட்காது. மேலே பேசுவது மட்டும் உள்ளே கேட்கும். இத்தனை வருடம் மலையேறியும் அதை மறந்துவிட்டீர்கள்.

"டேய் ஆந்திரி, யாராச்சும் கேட்டா, அவதான் பிடிவாதமா முன்னால போனான்னு சொல்லணும். சரியா?"

"அதெல்லாம் அப்புறம். முதல்ல தோண்டுங்கண்ணே!"

"சரின்னு சொல்லுடா முதல்ல."

பெர்னில் அக்கா வீட்டில் இருக்கிறேன். தொலைபேசியில் அழைக்க வேண்டாம். உங்கள் குரலை ஒருமுறை தெளிவாகக் கேட்டுவிட்டேன்.

இப்படிக்கு,
பிடிவாதமாக முன்னால் போனவள்