ஐந்து ஊர் வீட்டு நிதியும் ஒரு மொட்டைக் கடிதமும்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் சௌக்கியமா, அங்கே குளிர் கொஞ்சமாவது குறைந்ததா? இங்கே நாங்கள் இருவரும் நலம், அதாவது நான் நலம், அம்மா கூட்டத்தில் இருக்கிறாள், அவளும் நலமாகத்தான் இருப்பாள் என்று நம்புகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை நீ ஃபோன் செய்தபோது அவள் இரண்டு வார்த்தை பேசிவிட்டு "அப்புறம் பேசறேன்டி, கோரம் இல்லாமப் போயிடும்" என்று வைத்துவிட்டாளாம். கோரம் என்றால் என்ன, அம்மாவுக்கு உடம்புக்கு ஏதாவதா என்று பதறிப்போய் எனக்குச் செய்தி அனுப்பியிருந்தாய். அது வியாதி இல்லை கண்ணு, கூட்டம் செல்லுபடியாக வேண்டும் என்றால் குறைந்தது இத்தனை பேர் வந்து உட்கார வேண்டும் என்கிற கணக்கு. ஆனால் அந்தக் கூட்டம் எதற்கு, அது ஏன் நம் வீட்டிலேயே நடக்கிறது என்பதெல்லாம் ஃபோனில் சொல்லி முடியாது. நடுவில் நான் வேறு ஒரு அசட்டுக் காரியம் செய்துவிட்டேன், அதை அம்மா உனக்குச் சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிடுவது நல்லது.

மூன்று மாதத்துக்கு முன்னால் நம் தெருமுனைத் தச்சுப் பட்டறை தீப்பிடித்தது. பட்டப்பகல் பதினொரு மணி. தீயணைப்பு வண்டி நம் ஊரிலேயே கூப்பிடு தூரத்தில் துடைத்து வைத்த பாத்திரம் மாதிரி பளபளவென்று நிற்கிறது, ஓட்டத்தான் ஆள் இல்லை. காலை டிரைவருக்குக் காய்ச்சல், மாற்று டிரைவர் இரண்டு மணி நேரப் பயணத்துக்கு அப்பால் குடியிருக்கிறார், ஏனென்றால் இங்கே வாடகை கொடுத்துக் கட்டுப்படி ஆகாது. ஃபோன் செய்தால் "பஸ்ல ஏறிட்டேன் சார், உட்கார இடம்கூடக் கிடைச்சுடுச்சு" என்கிறார். அந்த பஸ் பட்டறை வழியாகத்தான் வந்தது. நாங்கள் வாளியும் கையுமாக நிற்கிறோம், அவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி "மேல ஊத்தாதீங்க, அடியில ஊத்துங்க!" என்று கத்திக்கொண்டே நிலையத்துக்குப் போனார். அவர் வண்டியோடு திரும்பி வருவதற்குள் பட்டறை கரிக்கட்டையாகிவிட்டது. நல்லவேளை, உயிருக்கு ஒன்றுமில்லை. தச்சர் காப்பாற்றியது ஒரே ஒரு நாற்காலியை, அதையே நடுத்தெருவில் போட்டு உட்கார்ந்து அழுதார். எனக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

அன்றைக்கு அம்மாவுக்கு வந்த கோபம்தான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம். நகரசபைத் தலைவி ஆகி ஒரு வருஷம் ரிப்பன் வெட்டிக்கொண்டிருந்தவள், மறுநாளே நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு யார் யார் எங்கே குடியிருக்கிறார்கள் என்று விசாரிக்கக் கிளம்பிவிட்டாள். நர்ஸ் வெளியூர், துப்புரவுத் தொழிலாளிகள் வெளியூர், பள்ளிக்கூட ஆசிரியைகளில் பாதிப்பேர் வெளியூர். பக்கத்து நான்கு ஊர்களிலும் இதே கதை. ஒவ்வொரு ஊரும் வீடு கட்டவென்று கொஞ்சம் பணம் ஒதுக்கித்தான் வைத்திருக்கிறது, ஆனால் தனித்தனியாகக் கட்டினால் ஒரு ஊருக்கு மாடிப்படி வரும், இன்னொரு ஊருக்கு ஜன்னல் வரும், அவ்வளவுதான். ஐந்தையும் ஒன்றாகப் போட்டு ஒரே நிதியாக்கினால், இங்கே வேலை செய்கிறவர்கள் இங்கேயே குறைந்த வாடகைக்குக் குடியிருக்க வீடு கட்டலாம் என்று அவள் எல்லாருக்கும் எழுதினாள். எல்லாரும் பிரமாதமான யோசனை என்றார்கள். ஆனால் ஒரு தலைவர் இன்னொரு தலைவரின் அலுவலகத்துக்குப் போக மாட்டாராம், போனால் இறங்கிப் போன மாதிரி ஆகிவிடுமாம். நம் ஊர்தான் இருப்பதிலேயே சின்னது, யாருக்கும் பயமில்லை, அதிலும் வீடு என்றால் கௌரவக் குறைச்சல் இல்லை என்று நம் சாப்பாட்டு மேசைக்கு வந்து சேர்ந்தார்கள். முப்பது வருஷம் பேப்பர் படித்த இடத்தைவிட்டு நான் சமையலறைக்குக் குடிபெயர்ந்து டீ போடுகிறேன்.

பெரிய ஊர்த் தலைவர் சர்க்கரை இல்லாமல் குடிப்பார், ஆனால் பிஸ்கட் பாக்கெட்டைத் தன் பக்கமே வைத்துக்கொள்வார். மருந்துக்கடைக்காரர் ஒரு ஊருக்குத் தலைவர், யார் இருமினாலும் மாத்திரை பெயர் சொல்வார். மூன்றாவது ஊருக்குப் பழைய தலைமையாசிரியை, பேசுகிறவர்களின் இலக்கணத்தைத் திருத்துவார். நான்காமவருக்கு நான் 'பார்க்கலாம்' என்று பெயர் வைத்திருக்கிறேன், எதைக் கேட்டாலும் "பாக்கலாம், பாக்கலாம்" என்பதைத் தவிர அவர் வாயிலிருந்து வேறு சொல் நான் கேட்டதில்லை. முதல் மூன்று கூட்டமும் நிதியின் பெயர்ப்பலகையில் எந்த ஊர் பெயர் முதலில் வர வேண்டும் என்பதிலேயே போயிற்று. அகரவரிசை என்றால் பெரிய ஊர் முறைத்துக்கொள்கிறது, மக்கள்தொகை என்றால் மற்ற நான்கும் முறைத்துக்கொள்கின்றன. கடைசியில் அம்மா ஒரு சாப்பாட்டுத் தட்டைக் கவிழ்த்து வைத்து வட்டம் போட்டு, அதைச் சுற்றி ஐந்து பெயரையும் எழுதிவிட்டாள். இப்போது யாருக்கும் முதலும் இல்லை கடைசியும் இல்லை, படிக்கிறவர்களுக்குத்தான் கழுத்து வலிக்கும்.

அடுத்து, முதல் முப்பது வீடுகளை எங்கே கட்டுவது? பெரிய ஊர்த் தலைவர் தாராளமாக, "பணம் நாங்க தர்றோம், வீட்ட நீங்க யாராவது வச்சுக்கோங்க" என்றார். மருந்துக்கடைக்காரர் ஊரில் தூசியாம், தலைமையாசிரியை ஊரில் சத்தமாம், நான்காவது ஊரில் பார்க்கலாமாம். நான் சமையலறையில் நின்றுகொண்டு, என்ன ஜென்மங்கள், எல்லாருக்கும் வீடு வேண்டும், ஆனால் தன் கண்ணில் படக் கூடாது என்று மனசுக்குள் ஆசைதீர வைதேன். அன்று ராத்திரி சாப்பிடும்போது அம்மாவிடம் பெரிய ஊர்த் தலைவரைப் பற்றி ஒரு பிரசங்கமே செய்தேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, அடுத்த கூட்டத்தில் "எங்க ஊர்லயே முதல்ல கட்டலாங்க. எங்க வீட்டுக்குப் பின்னாடியே நகரசபை இடம் சும்மாதான் கிடக்கு" என்று சொல்லிவிட்டாள். என் கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது.

உனக்குத் தெரியும் அந்த இடம். சாயந்தரம் மடக்கு நாற்காலியை எடுத்துப்போய் நான் காற்று வாங்குகிற இடம். அங்கே முப்பது குடும்பம், துணிக்கொடி, குழந்தைகள் சத்தம் என்று நினைத்ததும் எனக்கு என்னவோ ஆகிவிட்டது. முகத்துக்கு நேரே சொல்ல வெட்கம், சொல்லாமலிருக்கவும் முடியவில்லை. ஆகவே ஒரு மொட்டைக் கடிதம் எழுதினேன். சிரிக்காதே. எழுத்து தெரியக் கூடாதென்று இடது கையால், மூன்று மணி நேரம் உட்கார்ந்து எழுதினேன். 'மேற்படி மனை கிழமேல் அறுபத்திரண்டு மீட்டரும் தென்வடல் நாற்பத்தொன்றரை மீட்டருமே உள்ளது, வடகிழக்கு மூலையில் ஒன்றேகால் மீட்டர் பள்ளம், எனவே முப்பது வீடு சாத்தியமே இல்லை, மிஞ்சிப்போனால் இருபத்து நான்கு' என்று எழுதி, விவரமறிந்த குடிமகன் என்று முடித்து, அடுத்த தெருத் தபால்பெட்டியில் போட்டேன். நாற்பது வருஷம் சர்வேயராக இருந்தவனுக்குப் மொட்டைக் கடிதமே எழுதினாலும் அளவு சரியாக எழுதத்தான் வருகிறது, என்ன செய்ய?

அடுத்த கூட்டத்தில் நான் டீத் தட்டோடு நிற்கும்போது அம்மா அதைப் பிரித்து ஒரு எழுத்து விடாமல் வாசித்தாள். தலைமையாசிரியை வாங்கிப் பார்த்து, "எடது கையால எழுதினது. கையெழுத்து கோணல், ஆனா ஒரு பிழையும் இல்ல" என்றார். நான் தட்டை வலது கைக்கு மாற்றிக்கொண்டேன். அம்மா என் பக்கம் திரும்பவே இல்லை. "யாரோ நல்ல மனுஷன். நாம சர்வேக்கு எழுதிப்போட்டா வர ஆறு மாசம் ஆகும், இவரு பள்ளம் முதக்கொண்டு அளந்து கொடுத்துட்டாரு. இருபத்துநாலு வீடு கட்டலாம்னும் அவரே சொல்லிட்டாரு. இதையே வச்சுத் தீர்மானம் போட்டுடலாமா?" என்றாள். சின்ன ஊர்க்காரி தன் கொல்லைப்புறத்தையே தருகிறாள், அதற்குக் குடிமகனின் ஆதரவு வேறு இருக்கிறது என்றதும் பெரிய ஊர்த் தலைவருக்கு ரோஷம் வந்துவிட்டது, அடுத்த கட்டு வீடுகள் தன் ஊரில்தான் என்று மேசையைத் தட்டினார். 'பார்க்கலாம்' தொண்டையைச் செருமிக்கொண்டு, பிறந்ததிலிருந்து முதல் தடவையாக இருக்கும், "செய்யலாம்" என்றார். ஐந்து பேரும் கையெழுத்துப் போட்டார்கள். என் ஆட்சேபணை தீர்மானப் புத்தகத்தில் முதல் இணைப்பாகப் பின் குத்தப்பட்டிருக்கிறது.

அவர்கள் போனபிறகு அம்மா டம்ளர் கழுவிக்கொண்டே, "அந்த இடம் போறது எனக்கும் கஷ்டந்தாங்க. எங்கிட்டயே சொல்லியிருக்கலாமே" என்றாள். "எப்படிச் சொல்றது, அந்தப் பெரிய ஊர்த் தலைவர அந்தத் திட்டு திட்டிட்டு?" என்றேன். அவ்வளவுதான், சிரித்த சிரிப்பில் கீழேயே உட்கார்ந்துவிட்டாள். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நாளைக்கு டேப்ப எடுத்துக்கிட்டுப் போய் முறையா அளந்து, வலது கையால எழுதிக் கொடுங்க" என்றாள்.

போன வாரம் முளையடித்துக் கயிறு கட்டிக்கொண்டிருந்தேன். வீடு கிடைக்கிறவர்களின் முதல் பட்டியலில் அந்த மாற்று டிரைவர் பெயரும் வந்திருக்கிறது, அவர் மனைவியோடு இடம் பார்க்க வந்தார். அவர் அந்தப் பக்கம் கொத்தனாரோடு பேசிக்கொண்டிருக்க, அந்தப் பெண் கயிற்றுக்குள் நின்று சமையலறை எங்கே, காலை வெயில் எந்தப் பக்கம் விழும் என்றெல்லாம் என்னிடம் கேட்டாள். இரண்டு மணி நேரம் பஸ்ஸில் வந்த களைப்பே முகத்தில் இல்லை. பிறகு நம் வீட்டைக் காட்டி, குரலைத் தாழ்த்தி, "அக்கம்பக்கம் எப்படிங்க? அந்த வீட்டுல இருக்கறவங்க சண்டை கிண்டை போடுவாங்களா?" என்றாள். நான் டேப்பைச் சுருட்டிக்கொண்டே, "அந்தம்மா தங்கமானவங்க. அந்த ஆளுதான் கொஞ்சம் ஒரு மாதிரி. நீங்க வந்து நாலு நாள் பேசிப் பழகுங்க, சரியாயிடுவாரு" என்றேன்.

நீங்கள் இருவரும் எல்லா நலமும் பெற்று நீடூழி வாழ வேண்டும், அம்மாவின் ஆசியும் இதில் சேர்த்தி. கண் டாக்டரைப் பார்ப்பதைத் தள்ளிப்போடாதே, தலைவலி தானாகப் போகாது.

தினமும் உன்னை நினைக்கும்,
அப்பா