இடுப்பில் கட்டிய எடைக்கல்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் அங்கே சுகமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன், குளிர் ஆரம்பித்துவிட்டதாமே, குழந்தையை வெளியே கூட்டிக்கொண்டு போகும்போது காதை மூடிக் கூட்டிப் போ. இங்கே உன் அம்மா நலம். நானும் நலம் என்றுதான் எழுத வேண்டும், உடம்பில் ஒரு குறையும் இல்லை, ஆனால் அந்த வார்த்தையை எழுதக் கை கூசுகிறது. போன வாரம் போனில் நீ சித்தப்பாவைத் திட்டித் தீர்த்தாய் அல்லவா, ‘அப்பா ஒரு வருஷமா வாயைக் கட்டி வயித்தைக் கட்டி இப்படி இளைச்சு, கிட்னி குடுக்கத் தயாரா நிக்கிறார், இவர் என்னடான்னா வேணாம்னு சொல்றாராம், என்ன திமிரு’ என்று. இனிமேல் அவரோடு பேசப்போவதே இல்லை என்றும் சொன்னாய். நான் இந்தப் பக்கம் ம், ம் என்று கேட்டுக்கொண்டிருந்தேன். சித்தப்பா மேல் உனக்குக் கோபம் வர ஒரு நியாயமும் இல்லை, நீ கோபப்பட வேண்டியது என் மேல்தான். போனில் சொல்லலாம் என்று இரண்டு தடவை எடுத்தேன், நீ எடுத்தவுடனே ‘என் அப்பா மாதிரி யாரு இருக்கா’ என்று ஆரம்பித்துவிடுகிறாய், அதற்கு மேல் எனக்கு வாய் வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

உனக்குத் தெரிந்த கதைதான், இருந்தாலும் வரிசையாகச் சொன்னால்தான் எனக்கு வரும். சித்தப்பாவுக்கு இரண்டு கிட்னியும் கைவிட்டபோது, சித்திக்குச் சர்க்கரை இருப்பதால் அவளிடம் எடுக்க முடியாது, என்னுடையது பொருந்துகிறது, ஆனால் இந்தத் தொப்பையோடு ஆபரேஷன் மேசையில் ஏற்ற மாட்டோம் என்று டாக்டர் சொன்னார். நான் மார்தட்டிக்கொண்டு, எண்பது கிலோவுக்கு வந்து நிற்கிறேன் பாருங்கள் என்றேன். வந்தும் நின்றேன். அதற்கு உன் அம்மா பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். வேகவைத்த காய், வெள்ளரிக்காய், மறுபடியும் வேகவைத்த காய் என்று என் தட்டில் என்ன விழுந்ததோ அதையே தன் தட்டிலும் போட்டுக்கொண்டாள், நான் மட்டும் தனியாகத் தின்றால் பாவமாக இருக்குமாம். காய்கறிக் கடைக்காரர் என்னைப் பார்க்கும்போதெல்லாம் ‘என்ன சார், பாதி ஆளைக் காணோம், போலீஸ்ல சொல்லியாச்சா’ என்பார். பெல்ட்டில் ஓட்டை போட்டுப் போட்டு அதன் நுனி முதுகுப் பக்கம் போய்விட்டது. சட்டைகளைப் பிடித்துத் தைத்துத் தருகிறேன் என்று அம்மா சொன்னபோது, வேண்டாம், தொளதொளவென்று இருந்தால்தான் நாலு பேர் என்ன ஏது என்று விசாரிப்பார்கள் என்றேன். அவ்வளவு பெருமை எனக்கு. எண்பதைத் தொட்ட அன்று அம்மா என்னைச் சுவரோரமாக நிற்கவைத்துப் படம் எடுத்து உனக்கு அனுப்பினாள், நீ அதைப் பார்த்து அழுதுவிட்டதாகச் சொன்னாய்.

அந்தப் படத்தில் நான் சிரித்துக்கொண்டிருக்கிறேன், ஆனால் அப்போதே எனக்குப் பயம் பிடித்துவிட்டது. எடை குறைகிற வரைக்கும் அது எனக்குப் பழகிய வேலை. வாழ்நாள் முழுக்கத் தம்பியோடு சேர்ந்து கடை கடையாகப் போய்த் தராசு பழுது பார்த்தவனுக்கு, தன்னையே தராசில் ஏற்றி ஏற்றிப் பார்ப்பது ஒரு விளையாட்டு மாதிரி ஆகிவிட்டது. இன்னும் ஐந்து கிலோ பாக்கி என்றால் கத்தி இன்னும் ஐந்து கிலோ தள்ளி இருக்கிறது என்று மனசுக்குள் ஒரு கணக்கு, அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. எண்பதைத் தொட்டதும் எனக்கும் கத்திக்கும் நடுவில் ஒன்றும் இல்லை. அடுத்த முறை போனபோது டாக்டர் எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டு என்னிடம் மட்டும் கேட்டார், ‘மனசுல கொஞ்சம் தயக்கம் இருந்தாலும் சொல்லுங்க, நீங்க குடுக்க முடியாதுன்னு மட்டும் நாங்களே வீட்டுல சொல்லிடுவோம், காரணம் யாருக்கும் தெரியாது’ என்று. எவ்வளவு மரியாதையாகக் கேட்டார் பார். பயமாக இருக்கிறது டாக்டர் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் என்ன சொன்னேன் தெரியுமா, ‘என் தம்பிக்கு ஒண்ணு என்ன, ரெண்டையும் குடுப்பேன்’ என்றேன். அவர் என் தோளைத் தட்டி, அடுத்த வாரம் கடைசியாக ஒரு தடவை எடை பார்த்துத் தேதி குறித்துவிடலாம் என்றார். வெளியே வந்து குழாயடியில் முகம் கழுவினேன்.

அடுத்த வாரம் நான் செய்ததை எழுத மானம் போகிறது, ஆனாலும் எழுதுகிறேன். கடையில் நம் பித்தளை எடைக்கல் பெட்டியை நீ பார்த்திருக்கிறாய், சின்ன வயதில் தொடப்போய் என்னிடம் அடி வாங்கியவள்தானே நீ. வெறும் கையால் தொட்டால் வேர்வை பட்டுக் கறுத்துவிடும், அப்புறம் அதை வைத்து யார் தராசையும் சரிபார்க்க முடியாது என்று உன்னை அன்றைக்கு அழ அழத் திட்டினேன். அந்தப் பெட்டியிலிருந்து இரண்டு கிலோ கல் இரண்டை எடுத்து, ஒரு துண்டில் சுற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு, மேலே அந்தத் தொளதொளச் சட்டையைப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரித் தராசில் ஏறினேன். ஊரில் எவனாவது தன் எடையைக் கூட்டிக் காட்டத் தராசை ஏமாற்றுவானா, கடைக்காரன்கூடச் சாமானைத்தான் அப்படி விற்பான், நான் என்னையே விற்றேன். எண்பத்துநான்கு காட்டியது. நர்ஸுக்கு என்னைவிட வருத்தம். ‘பரவால்ல சார், இன்னும் ரெண்டு மாசம் பாக்கலாம்’ என்றவள், வராந்தாவில் உட்கார்ந்திருந்த சித்தப்பாவைப் பார்த்து, ‘மெஷின்லயே கோளாறா இருக்கும் சார், நீங்கதானே ரிப்பேர் பாக்கிறவங்க, நாளைக்கு ஒரு தடவை வந்து பாத்துட்டுப் போங்க’ என்றாள். ஆஸ்பத்திரித் தராசுகளும் நம் கடைப் பொறுப்பில்தான் இருக்கின்றன என்பது அந்த நேரத்தில் என் புத்திக்கு எட்டவில்லை. வீட்டில் அதைவிடக் கூத்து. வீட்டுத் தராசுதான் இத்தனை நாள் குறைத்துக் காட்டி ஏமாற்றிவிட்டது என்று உன் அம்மா முடிவு கட்டி, அதைத் தூக்கிக்கொண்டு வந்து என் முன்னால் வைத்து, ‘ஊர்த் தராசெல்லாம் பாக்கறீங்க, நம்ம வீட்டுத் தராசைப் பாக்கலியே’ என்று அழுதாள். தான் சமையலில் எண்ணெயைக் கூடுதலாக ஊற்றிவிட்டோமோ என்று வேறு சந்தேகம் அவளுக்கு. ஒரு கோளாறும் இல்லாத தராசைத் திருகாணி கழற்றி, ஊதி, மறுபடி மாட்டி, சரியாகிவிட்டது என்று சொன்னேன். அன்று ராத்திரியிலிருந்து தன் தட்டில் பாதிக் காயையும் குறைத்துக்கொண்டாள். அதை நான் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் சித்தப்பா ஆஸ்பத்திரித் தராசைச் சரிபார்க்க எடைக்கல் பெட்டியைத் திறந்தான். நான் அவசரத்தில் துடைக்காமல் வைத்திருந்தேன். இரண்டு கல்லிலும் வேர்வை பட்டுத் திட்டுத் திட்டாகக் கறுத்திருந்தது, இத்தனை வருஷத்தில் நம் கடைக் கல் அப்படி இருந்ததே இல்லை. அவன் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தான், என்னைப் பார்க்கவில்லை. பொடி போட்டுத் தேய்த்துத் துடைத்து, பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனான். திரும்பி வந்து, ‘மெஷின் சரியாத்தான் இருக்கு அண்ணா’ என்று மட்டும் சொன்னான். சாயங்காலம் கடைக் கதவை இழுத்துப் பூட்டும்போது, ‘வேணாம்னா வேணாம்னு சொல்லியிருக்கலாமே, எதுக்கு இந்தக் கனத்தைக் கட்டிக்கிட்டு’ என்றான். குரலில் கோபம் இருந்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை அவனே எல்லாரையும் உட்காரவைத்து, தனக்கு யாருடைய கிட்னியும் வேண்டாம், டயாலிசிஸ் பழகிவிட்டது, அண்ணன் உடம்பில் கத்தி வைத்துத் தான் பிழைக்க வேண்டியதில்லை என்று சொல்லிவிட்டான். சித்தி தலையில் அடித்துக்கொண்டு அழுதாள், உன் அம்மா அவனை வாயில் வந்தபடி பேசினாள், நன்றி கெட்டவன் என்ற வார்த்தைகூட வந்துவிட்டது. அவன் தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டான். நான் எதிரே உட்கார்ந்து வெள்ளரிக்காய் தின்றுகொண்டிருந்தேன் மகளே. எல்லாவற்றிலும் கேவலம் என்ன என்றால், அவன் வேண்டாம் என்று சொன்ன அந்த நிமிஷம் என் நெஞ்சு லேசாகிவிட்டது, அன்று ராத்திரி பல மாதத்துக்குப் பிறகு நன்றாகத் தூங்கினேன். விடிந்ததும் நீ போன் செய்தாய், அவனைத் திட்டினாய், என்னைத் தெய்வம் என்றாய். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை.

இதுவரைக்கும் காலையில் எழுதினேன். எழுதியதை உன் அம்மா கையில் கொடுத்தேன், அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லத் தைரியம் இல்லாமல்தான். அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுதும் படித்தாள். திட்டுவாள் என்று பார்த்தேன், கடிதத்தை மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டு, ‘மகளுக்கு அப்புறம் எழுதிக்கலாம், மொதல்ல எழுந்து உங்க தம்பி வீட்டுக்குப் போங்க, நான் அவனைப் பேசின பேச்சுக்கு நானும் வரேன்’ என்றாள். வழியெல்லாம் எனக்கு நாலடி முன்னாலேயே நடந்தாள்.

சித்தப்பா அப்போதுதான் டயாலிசிஸ் முடித்து வந்து கட்டிலில் சாய்ந்திருந்தான். சித்தி முன்னாலேயே எல்லாவற்றையும் சொன்னேன். நாளைக்கு வெறும் ஆளாகப் போய்த் தராசில் ஏறப் போகிறேன், டாக்டரிடமும் நடந்ததைச் சொல்லிவிடப் போகிறேன், ஆனால் பயம் இன்னும் போகவில்லை, அதையும் சேர்த்தே சொல்கிறேன் என்றேன். வெட்கத்துக்காகக் குடுக்காதே என்று அவன் சொல்வான் என்று நினைத்தேன். அவன், ‘எனக்கும் பயம்தான் அண்ணா, வாங்கிக்கிறவனுக்குப் பயமே இருக்காதுன்னு எல்லாரும் நெனச்சுட்டீங்க’ என்றான். சித்தி அவன் கால் மேல் போர்வையை இழுத்துவிட்டாள். அப்போதுதான் பார்த்தேன், அந்தக் கால் என் கையைவிட மெலிந்திருந்தது. கன்னத்து எலும்பு துருத்திக்கொண்டிருக்கிறது, அவன் சட்டையும் தொளதொளவென்றுதான் தொங்குகிறது. ஒரு வருஷமாகத் தெருவே என்னை நிறுத்தி எத்தனை கிலோ குறைந்தீர்கள் என்று கேட்டது, நானும் நின்று நின்று பதில் சொன்னேன். பக்கத்தில் நின்றவன் எவ்வளவு இளைத்தான் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை, எடை பார்க்கிறதே என் தொழில். எடைக்கல் கட்டிக்கொண்டு போனதைவிட இது எனக்குப் பெரிய அவமானமாக இருக்கிறது. அவன் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நாளைக்குப் போகலாமா என்று கேட்டேன், ‘சரி, நீ பயந்தா நானும் வரேன், நான் பயந்தா நீ கூட்டிட்டுப் போ’ என்றான்.

டாக்டர் என்ன சொல்வாரோ தெரியாது, ஏமாற்றினவன் என்று என்னைத் திருப்பி அனுப்பினாலும் அனுப்பலாம், அப்படிச் சொன்னால் அவர் சரி என்று சொல்லும் வரைக்கும் மறுபடி மறுபடி போவேன். நடுவில் தேதி குறித்துவிட்டால் நீ அவசரப்பட்டு ஓடி வர வேண்டாம், குழந்தைக்குச் சளி பிடிக்கிற காலம், அதைக் கவனி. மாப்பிள்ளையிடம் இதைச் சொல்வதா வேண்டாமா என்று உன் இஷ்டம், சொன்னாலும் தப்பில்லை. என்னைப் பற்றி உன் சினேகிதிகளிடம் பெருமையாகச் சொல்லி வைத்திருப்பாய், அதை மட்டும் கொஞ்ச நாளைக்கு நிறுத்தி வை. நீயும் உன் வீட்டில் எல்லாரும் நீண்ட ஆயுசோடு நன்றாக இருக்க வேண்டும், அதைத் தவிர எனக்கு வேறு எண்ணம் இல்லை. ஒன்று மட்டும் மறந்துவிடாதே, இந்தக் கடிதம் கிடைத்ததும் முதல் போன் சித்தப்பாவுக்குப் போட வேண்டும். எடுத்தவுடனே மன்னிப்பு அது இது என்று ஆரம்பிக்காதே, அவனுக்குப் பிடிக்காது. எப்படி இருக்கீங்க சித்தப்பா என்று கேள், கேட்டுவிட்டு அவன் சொல்லி முடிக்கிற வரைக்கும் குறுக்கே பேசாமல் இரு.

இப்படிக்கு,
உன்னிடம் முகம் காட்டக் கூசும் அப்பா