காற்றுத் துவக்குக்குப் பிடித்த குண்டு

இந்த நேரத்தில் எழுதுவதற்கு மன்னித்துக்கொள். பிள்ளை தூங்கிய பிறகுதான் எனக்குக் கை ஒழிகிறது. நீ இருந்தபோதும் என் செய்திகள் இப்படித்தான் அகாலத்தில் வரும். "மனுசர் நித்திரை கொள்ற இல்லையாகா?" என்று காலையில் திட்டிப் பதில் போடுவாய்.

இன்று சாயங்காலம் சமையலறையில் கிலுகிலுப்பைச் சத்தம். நம் வீட்டில் கிலுகிலுப்பை ஏது என்று ஓடினால், கார்டரியிலிருந்து, அதான் குழந்தைகள் காப்பகத்திலிருந்து, வந்த என் மூன்று வயது மகள் ஒரு தட்டைத் தகர டப்பாவைக் காதருகே வைத்து ஆட்டிக்கொண்டிருக்கிறாள். உன் ஈயக்குண்டு டப்பா! உன் பொருள்கள் என்று உன் தம்பி நேற்றுக் கொடுத்த பையில் இருந்திருக்கிறது. மூடி திறக்கவில்லை. ஆனாலும் அவள் கையை மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவினேன். "ஆங்கோர், அம்மா!" என்று, கார்டரியில் கற்ற பிரெஞ்சில் ‘இன்னொரு தடவை’ கேட்டு, நான்காவது முறைக்கும் கையை நீட்டினாள். என் பதற்றம் அவளுக்குத் தண்ணீர் விளையாட்டு.

அவளை அவள் அப்பாவிடம் தள்ளிவிட்டு மூடியைத் திறந்தேன். ஈயமும் எண்ணெயும் கலந்த வாசனை. சிரித்துவிட்டேன். இது நான் வாங்கிய டப்பா.

நாம் இந்த நாட்டுக்கு வந்து, சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூ கல்லூரியில் ஒன்றாகப் படித்த கடைசி வருடம். தீபாவளிக்கு இரண்டு வாரம் இருந்தது. "சனிக்கிழமை புரோசார்டுக்குப் போய் வெடி வாங்குவம், வாறியாகா?" என்று கேட்டாய். சென்னைக்காரிக்கு வெடி என்றால் என்ன? புஸ்வாணம், சங்குசக்கரம், கம்பி மத்தாப்பு என்று பட்டியல் போட்டு, பெரிய பையும் எடுத்துக்கொண்டு வந்தேன். கடைக்குள் நுழைந்தால் சுவர் முழுக்கத் துப்பாக்கி.

"ஏய், இங்க மத்தாப்பு எங்கடி?"

நீ அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாய். சிரிப்பில் உனக்கு மூச்சு வரவில்லை. உங்கள் மட்டக்களப்பில் வெடி என்றால் துவக்குக்குப் போடுவது என்று எனக்கு யார் சொன்னார்கள்? நீ வந்ததே முயல் வேட்டைக்குத் துவக்கும் குண்டும் வாங்கத்தான்.

கடைக்காரர் நீளமான ஒரு காற்றுத் துவக்கைக் காட்டி, எவ்வளவு வேகம் என்று பெருமையாகச் சொன்னார். நீ அதைத் தோளில் வைத்துப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தாய். உன் உயரத்துக்கு அது அதிகம். "வேகமாப் போய் மரத்தில பட்டா முசலுக்கு என்ன?" என்று என்னிடம் முணுமுணுத்துவிட்டுக் குட்டையான ஒன்றைக் கேட்டு வாங்கினாய். "இது கிளையில கொழுவாது. என்ட கையும் நோகாது." நானும் என் பங்குக்கு ஒரு டப்பா எடுத்தேன். முனை ஊசி மாதிரி இருந்த குண்டுகள். கூர்மையானதுதானே நன்றாகப் பாயும்?

அடுத்த வாரம், அனுமதி வாங்கி ஒரு பண்ணையின் சரளைக்குழியில் பீட்சா அட்டையை நிறுத்தினாய். டப்பாவுக்கு ஐந்து குண்டு. நீ எடுத்த உருண்டைத் தலைக் குண்டுகள் ஐந்தும் ஒரு கட்டைவிரல் அகலத்துக்குள் விழுந்தன. என் ஊசிக் குண்டுகள் வெண்பொங்கலில் முந்திரி மாதிரி அங்கொன்றும் இங்கொன்றுமாக.

"பெட்டியில எழுதியிருக்கிறத விடுகா. இந்தத் துவக்குக்கு எது பிடிக்குதெண்டு அதுதான் சொல்லும்," என்றாய்.

அப்புறம்தான் என்னையும் வேட்டைப் பாடத்துக்கு இழுத்துப் போய் உரிமம் எடுக்க வைத்தாய். முதல் பனி விழுந்த காட்டில் துவக்கை என் கையில் கொடுத்த நாள் நினைவிருக்கிறதா? முயல் பாதி வெள்ளை, பாதி பழுப்பாக உட்கார்ந்திருந்தது. தூரம் கொஞ்சம் அதிகமோ என்று தோன்றியது. "சுடட்டுமா?" என்று கிசுகிசுத்தேன். "கேக்கிறாய் எண்டா சுடாத," என்றாய். முயல் போய்விட்டது. நீ கோபிக்கவே இல்லை. ஒரு மரத்தடியில் உட்கார்ந்து, கொண்டுவந்த ரோல்ஸைப் பிரித்துக் கொடுத்தாய். "காயப்பட்டு ஓடிச்செண்டா, ராவைக்கு உனக்கும் நித்திரை வராது, எனக்கும் விடமாட்டாய்."

நீ எங்களை விட்டுப் போய் இரண்டு வருடம் ஆகிறது. உன் தம்பி டொலார்டில் இருக்கும் உங்கள் வீட்டைக் காலி செய்கிறான். நேற்று வந்தபோது, "அக்கா, சாமான நீங்க எடுக்கிறீங்களா, இல்லாட்டி விக்கட்டா? சனிக்கிழமை ஒராள் பாக்க வாறார்," என்று கேட்டான். துவக்கு என்ற சொல்லை உன் அம்மாவால் கேட்க முடியாது என்பதால் உங்கள் வீட்டில் அதற்கு அந்தப் பெயர்தான். "வேணாம்பா, குழந்தை இருக்கிற வீடு," என்று சட்டென்று சொல்லிவிட்டேன். இன்று டப்பா அவள் கைக்குப் போனதைப் பார்த்ததும், சொன்னது சரிதான் என்றே நினைத்தேன்.

ஆனால் ஒரு சந்தேகம். உடனே அவனைப் போனில் கூப்பிட்டேன்.

"தம்பி, உருண்டைத் தலைக் குண்டு டப்பா எங்கப்பா?"

"அது முடிஞ்சுது அக்கா. ஊசிதான் கிடந்தது. வாறவருக்கும் அதத்தான் சொல்லியிருக்கன், என்ட அக்காட குண்டு இதுதான் எண்டு."

எனக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டும் நீ. யாரோ ஒருவர் உன் துவக்கில் என் மடத்தனத்தைப் போட்டு ஒரு முயலைக் காலொடித்து ஓடவிடுவார். அதுவும் உன் பெயரைச் சொல்லி!

"விக்காத. நான் எடுத்துக்கிறேன்."

என் கணவர் அளவு நாடாவோடு நிலவறைக்கு இறங்கினார். இரும்புப் பெட்டி சுவரோடு திருகப்படும். சாவி என் கழுத்துச் சங்கிலியில். குண்டு வேறு அறையில், வேறு பூட்டில். துவக்கின் விசைக்கு ஒரு பூட்டு, நிலவறைக் கதவுக்கு ஒன்று. "மொத்தம் எத்தனை பூட்டு?" என்றார். நான்கு என்றேன். "துப்பாக்கியை விடப் பூட்டு கனமா இருக்கும் போல," என்றார்.

உன்னிடமிருந்து எனக்கு வந்து சேர்ந்தது என் பயத்தின் மேல் எனக்கே ஒரு மரியாதை. மூன்று முறை கை கழுவுகிறவள்தான் மூன்று முறை தூரம் பார்ப்பாள் என்று இப்போது தைரியமாகச் சொல்கிறேன்.

ஒன்றுதான் தெரியவில்லை. பம்ப்பால் காற்றடிக்கும்போது, கையேட்டில் போட்டிருக்கும் அளவுக்கு முன்பே நிறுத்திவிடுவாய், "இதுக்கு இது காணும்" என்று. காற்றின் அளவு காட்டும் முள் எந்த எண்ணில் நிற்கும்? நான் எப்போதும் உன் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், முள்ளைப் பார்க்கவில்லை. உன் தம்பிக்கும் தெரியாதாம். சனிக்கிழமை சரளைக்குழிக்குப் போகிறோம். சீக்கிரம் பதில் எழுது.