கிணற்றில் கிடைக்காத காசு

காயல்பட்டினம்,
வியாழன், அஸர் தொழுகைக்குப் பிறகு

அன்புள்ள ரசீத் காக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும்.

சார்ஜாவில் பணியாற்றும் நம் குடும்பத்தின் மூத்த மகனுக்கு இதனால் அறிவிக்கப்படுவது யாதெனில், சென்ற ஆடிக் காற்றில் பறந்துபோன நம் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியின் மூடி, நெடிய தேடலுக்குப் பின், பின்தெரு ஆபிதா மாமி வீட்டில் கோழிக்கூட்டின் கூரையாகப் பணிபுரிந்துவரும் நிலையில் கண்டெடுக்கப்பட்டுள்ளது. கோழிகள் காலி செய்ய மறுக்கின்றன. உம்மா தலைமையில் பேச்சுவார்த்தை நடக்கிறது. முட்டையாக வாடகை தருவதாக எதிர்த்தரப்பு சொல்லியிருக்கிறது. அதுவரை நாங்கள் குளிக்கும் தண்ணீரில் வேப்பிலை மிதக்கும். உடம்புக்கு நல்லதுதான் என்று வாப்பா அறிக்கை விட்டுவிட்டார்.

மற்றபடி உம்மா, வாப்பா, நான் எல்லோரும் நலம். உங்கள் நலத்துக்கு துஆச் செய்கிறோம்.

இந்தக் காலத்தில் எவன் காகிதத்தில் எழுதுவான் என்று கேட்பீர்கள். என் போன் உம்மாவின் அரிசிப் பானைக்குள் இருக்கிறது. உங்கள் கல்யாண விருந்தில் பிரியாணி கிடையாது, கஞ்சியும் துவையலும்தான் என்று வாப்பா பெயரில் குடும்பக் குழுவில் ஓர் அறிவிப்பு போட்டேன். மேலப்பாளையத்துப் பெரியும்மா அதை நம்பி அழுதுவிட்டார்கள். செல் பறிபோனதால் இப்போது நான் செல்லாக் காசு. உம்மாவின் போனில் உங்களைக் கூப்பிடலாம்தான். ஆனால் நம் வீட்டில் ஒருவர் பேசினால் ஒன்பது பேர் கேட்பார்கள், அதில் ஐந்து பேர் பதிலும் சொல்வார்கள். இது உங்கள் காதுக்கு மட்டுமான சங்கதி. விடுப்பில் வந்த ஃபர்ஹத் காக்கா சனிக்கிழமை சார்ஜாவுக்கு விமானம் ஏறுகிறார். உம்மா கொடுத்தனுப்பும் ஓட்டுமாவு டப்பாவுக்கும் அல்வாப் பொட்டலத்துக்கும் நடுவில் இதைச் செருகிவிடுவேன். எங்காவது ஈரமாகத் தெரிந்தால் அது நெய். கண்ணீர் என்று தப்பாக எண்ண வேண்டாம்.

கல்யாண வேலைகள் ஜோராக நடக்கின்றன. நம் வீட்டுக்கு எதற்கு வெள்ளையடிப்பு என்று கேட்டேன். நிக்காஹ் முடிந்ததும் ஊர் வழக்கப்படி நீங்கள் அர்வா மதினி வீட்டுக்குக் குடிபோய்விடுவீர்கள், இங்கே மிஞ்சுவது நான்தானே. உங்கள் அறையில் என் கிரிக்கெட் மட்டை ஏற்கெனவே குடியேறிவிட்டது. அதைக் கேட்டதும் உம்மா அடுப்படிக்குப் போய்விட்டார்கள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

நீங்கள் அங்கிருந்தே வாங்கி வீட்டு முகவரிக்கு அனுப்பச் சொன்ன காசு போன வாரம் கூரியரில் வந்தது. மணப்பெண்ணுக்கு நீங்கள் கொடுக்க வேண்டிய மஹராக என்ன வேண்டும் என்று கேட்டபோது, தங்கம் வழக்கம்போல் இருக்கட்டும், அதோடு நம் ஊர் மண்ணின் பழைய பொருள் ஒன்று வேண்டும் என்று மதினி சொன்னதும், அதற்காக நீங்கள் மாதக்கணக்கில் தேடி இதைப் பிடித்ததும் எனக்குத் தெரியும். கண்ணாடிப் பெட்டிக்குள் பஞ்சு மெத்தை, அதன் மேல் காசு, பக்கத்தில் வழவழப்பான ஓர் அட்டை. வாப்பா அந்த அட்டையை இரண்டு தடவை உரக்க வாசித்தார்: ‘காயல் துறைமுகக் காசு. வெண்கலம். பாண்டியர் காலம். ஒரு புறம் இரட்டை மீன். மறுபுறம் அரபுக் குதிரையை ஏற்றி வரும் மரக்கலம். காயல்பட்டினத்தில் பழைய வீடு ஒன்றின் கிணற்றைத் தூர் வாரியபோது கிடைத்தது. எந்த நூலிலும் இதுவரை பதிவாகாதது.’

அன்று சாயங்காலமே மதினியின் வாப்பா, முகம்மது இப்ராஹிம் மாமா, பார்க்க வந்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். நிக்காஹ் சபையில் மஹரை வாசிக்கும்போது பவுனோடு சேர்த்து, ‘எழுநூறு ஆண்டுப் பழமையான காயல் காசு ஒன்று’ என்றும் வாசிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். பள்ளிவாசலிலும் சொல்லிவிட்டார். இப்போது ஆபிதா மாமியின் கோழிகளைத் தவிர எல்லோருக்கும் தெரியும்.

காக்கா, அந்தக் காசுக்கு வயசு எழுநூறு இல்லை. இரண்டுகூட நிறையவில்லை. அதற்கு இன்னும் பால்பல்லே விழவில்லை. நாணயம் பார்ப்பதில் தாமிரபரணிக் கரையிலேயே எனக்கு இணையான கண் கிடையாது என்பதை நீங்கள் இனியாவது ஒப்புக்கொள்ள வேண்டும். வாசல்படியில் நின்றபடியே, ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிட்டேன். காரணம் எளிது. அதை அடித்தவனே நான்தான்.

கோபத்தில் கிழித்துவிடாதீர்கள். பின்பக்கமும் எழுதியிருக்கிறேன்.

திருநெல்வேலி டவுணில் பழைய காசு விற்கும் சிவசண்முகம் அண்ணாச்சியை நினைவிருக்கிறதா? ஞாயிற்றுக்கிழமை டியூஷனுக்குப் போகும்போதெல்லாம் அவர் கடையில் நானும் எட்வினும் வேடிக்கை பார்ப்போம். எட்வின் புன்னக்காயல்காரன், என் வகுப்புத் தோழன், என் எல்லாக் குற்றங்களிலும் பாதிப் பங்குதாரர். காசை மோந்து பார்த்தே அதன் வயசைச் சொல்வேன் என்று அண்ணாச்சி பெருமை அடிப்பார். அந்த மூக்கைச் சோதிக்க வேண்டும் என்று எங்களுக்கு ஆசை வந்தது.

படம் நான் வரைந்தேன். தேரடிப் பக்கம் ஒரு சந்துக்குள் கோயில் டாலரும் விளையாட்டுப் பதக்கமும் அடிக்கும் நமச்சிவாயம் அண்ணாச்சியிடம் கொடுத்துப் பத்துக் காசு அடித்தோம். அவர் கேட்ட ஒரே கேள்வி, “ஏலே, ஓரத்துல வருசம் போட்டுருவமா? நான் எல்லாப் பதக்கத்துக்கும் போடுதது வழக்கம்” என்பதுதான். வேண்டாம் அண்ணாச்சி, அழகு கெட்டுவிடும் என்றேன். பிறகு புளியும் உப்பும் தேய்த்து, புன்னக்காயல் முகத்துவாரத்துச் சேற்றில் ஒரு மழைக்காலம் முழுக்கப் புதைத்து வைத்தோம். எடுத்தபோது காசுக்கு எழுநூறு வயசு, எங்கள் கைக்கு ஒரு வாரம் நாற்றம்.

அதில் ஒன்றைச் சிவசண்முகம் அண்ணாச்சி மோந்து பார்த்தார். கண்ணை மூடினார். “கடல் வாடை அடிக்கிவே” என்றார். அது மட்டும் முழு உண்மை. எங்கே கிடைத்தது என்று கேட்டார். வீட்டுக் கிணற்றைத் தூர் வாரும்போது என்று முகத்தை அப்பாவியாக வைத்துக்கொண்டு சொன்னேன். புத்தகங்களைப் புரட்டினார். எதிலும் அப்படி ஒரு காசு இல்லை. புத்தகத்தில் இல்லாவிட்டால் போலி என்றல்லவா சந்தேகப்பட வேண்டும்? அவர் அபூர்வம் என்று முடிவு கட்டினார். மீன் பொறித்த நிஜப் பாண்டியர் செப்புக் காசு ஒன்றைக் கையில் கொடுத்து எங்கள் காசை எடுத்துக்கொண்டார். வெளியே வந்து நாங்கள் சிரித்த சிரிப்பில் ஒரு டவுண் பஸ்ஸைத் தவறவிட்டோம்.

அண்ணாச்சி அதைச் சென்னைக் கடை ஒன்றுக்குக் கொடுத்திருக்கிறார். அவர்கள் அட்டை அச்சடித்திருக்கிறார்கள். அங்கிருந்து சார்ஜாவில் இருக்கும் உங்கள் கண்ணில் பட்டு, சுற்றிச் சுற்றி நம் வாப்பாவின் பீரோவுக்கே வந்து சேர்ந்துவிட்டது.

அட்டையில் சொல்லும் அரபுக் குதிரையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நான் பார்த்து வரைந்தது எட்வினின் அப்பா ஹென்றி மாமாவின் மீன்பிடி வள்ளத்தை. வள்ளத்தின் பின்னால் தலையும் கழுத்துமாக நிற்பது குதிரை இல்லை, மோட்டார். வெறும் குதிரைத்திறன். இரட்டை மீனுக்கு விளக்கம் தேவையில்லை. பாண்டியனுக்கும் அதுதான் சின்னம், ஹென்றி மாமாவுக்கும் அதுதான் பிழைப்பு.

விஷயம் இப்படி முற்றியதும் பாளையங்கோட்டையில் நாணயச் சங்கம் நடத்தும் கைலாசம் சாரிடம் போனேன். யாரோ ஒரு பையன் இப்படிச் செய்துவிட்டானாம் என்று ஆரம்பித்தேன். “நீ செஞ்சத மட்டும் சொல்லுடே” என்றார். சொன்னேன்.

இதற்குக் கற்பனைக் காசு என்று பெயராம். கள்ளக் காசு என்றால் அதற்கு ஓர் அசல் உண்டு. இதற்கு அசலே கிடையாது. கிழக்கிந்தியக் கம்பெனி பெயரும் 1818-ம் போட்டு, சாமி படத்தோடு பூஜை அறைகளில் கிடக்குமே, அதுவும் இந்த ஜாதிதானாம். வாரம் ஒருவராவது கோடி கிடைக்குமா என்று கேட்டுக்கொண்டு அதை அவரிடம் கொண்டுவருகிறார்கள். சங்கத்திலேயே இதில் இரண்டு கட்சி. வங்கியில் வேலை பார்க்கும் ஜெபராணி மேடம் கற்பனைக் காசு அத்தனையையும் உருக்க வேண்டும் என்பார். ஒன்றை விட்டுவைத்தாலும் பத்து வருஷத்தில் அது யாரையாவது ஏமாற்றும் என்பது அவர் வாதம். கைலாசம் சார் அவ்வளவு கடுமை இல்லை. கதை எழுதுவது குற்றமில்லை, அட்டையில் கதை என்று போட்டுவிட வேண்டும் என்பது அவர் கட்சி.

சட்டமும் கேட்டேன். தான் வக்கீல் இல்லை என்று சொல்லிவிட்டுச் சொன்னார். அரசாங்கக் காசு மாதிரி அடித்தால் ஜெயில். எங்கள் காசு எந்த அரசாங்கத்தின் காசு மாதிரியும் இல்லை, அதனால் அடித்தவரை தப்பித்தோம். கிணற்றில் கிடைத்தது என்று சொல்லிக் கைமாற்றினோமே, அது ஏமாற்று. சரி, நிஜமாகவே கிணற்றில் கிடைத்திருந்தால்? கலெக்டருக்குச் சொல்லாமல் வைத்திருந்தது குற்றம். அத்தனை பழையதை நாட்டுக்கு வெளியே கொண்டுபோவதும் குற்றம். ஆக, பொய்யாக இருந்தாலும் வம்பு, மெய்யாக இருந்தாலும் வம்பு. அச்சடித்தபோது இல்லாத அச்சம் அப்போதுதான் வந்தது.

மீதி ஒன்பது காசையும் நமச்சிவாயம் அண்ணாச்சியிடம் எடுத்துப் போய் வருசமும் ‘கற்பனை’ என்ற எழுத்தும் குத்தி வாங்கிவிட்டேன். பத்தாவதுதான் உங்கள் மஹர்.

செப்புக் காசைத் திருப்பிக் கொடுக்கச் சிவசண்முகம் அண்ணாச்சியிடமும் போனோம். திட்டுவார் என்று பயந்தோம். அவர் திட்டவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். “கெணத்துல கெடச்சுதுன்னு நீதானலே சொன்ன. நான் அதத்தானலே எழுதிக் குடுத்தேன்” என்றார். அவர் குரல் அவ்வளவு சின்னதாக இருந்து நான் கேட்டதில்லை. காசு திரும்பி வந்தால் சென்னைக் கடையில் தானே பேசி உங்கள் பணத்தைத் திரும்ப வாங்கித் தருவதாகச் சொன்னார். செப்புக் காசை மோந்து பார்க்காமலே பெட்டியில் போட்டார்.

பள்ளிவாசல் இமாமிடம், யாருக்கோ கேட்பதுபோல, மஹரில் சொல்லும் பொருள் ஒன்றாகவும் கொடுக்கும் பொருள் வேறாகவும் இருந்தால் என்ன என்று கேட்டேன். மஹர் பெண்ணுடைய உரிமை, அவளுக்குத் தெரியாமல் அதில் எதையும் மாற்றி வைக்கக் கூடாது, தெரிந்து அவள் சரி என்றால் அது அவள் இஷ்டம் என்றார். அதனால்தான் காக்கா, பெருநாளுக்கு அப்புறம் நடக்கும் நிக்காஹ் சபையில் அதை வாசிப்பதற்குள் மதினிக்குத் தெரிந்தாக வேண்டும். வாசித்த பிறகு தெரிந்தால், சபை முன்னால் முதல் வார்த்தையிலேயே பொய் சொன்னவர் என்று நீங்கள் ஆகிவிடுவீர்கள். பொய் என்னுடையதாக இருந்தாலும் வாசிப்பது உங்கள் பெயரை.

மீதி நாளைக்கு. வாப்பா வருகிறார்.

வெள்ளி, ஜும்ஆவுக்குப் பிறகு

வாப்பாவிடம் சொல்லிவிட்டேன். பீரோ சாவி அவரிடம் இருப்பதால் வேறு வழியில்லை என்று உங்களிடம் கதை விடலாம். உண்மையில், பள்ளிவாசலில் நாலு பேர் அவரைச் சுற்றி நின்று காசைப் பற்றிக் கேட்க, அவர் குதிரையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். கையால் கழுத்தைக்கூட வரைந்து காட்டினார். அதற்கு மேல் என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. வீடு வரும் வழியிலேயே சொன்னேன்.

அவர் நடந்துகொண்டே முழுவதையும் கேட்டுக்கொண்டார். வீட்டுக்கு வந்து பீரோவைத் திறந்து பெட்டியை என் கையில் கொடுத்தார். இப்ராஹிம் மாமாவிடம் தானே போய்ச் சொல்வதாகவும், அர்வாவிடம் நீங்கள்தான் சொல்ல வேண்டும் என்றும் எழுதச் சொன்னார். பிறகு கேட்டார்: “பாத்ததுமே தெரிஞ்சுதுன்னு சொல்லுதியே. பொறவு அன்னைக்கே ஏன் வாயத் தொறக்கல?”

அதன் பதிலை உங்களிடம் மட்டும் சொல்கிறேன்.

ஒரே பார்வையில் கண்டுபிடித்தேன் என்று முன்பக்கத்தில் எழுதியிருக்கிறேனே, அதை அடித்துவிடுங்கள். எனக்குத் தெரியவில்லை காக்கா. கண்ணாடிப் பெட்டி, பஞ்சு மெத்தை, வழவழப்பான அட்டை. அந்த அட்டையில் இருந்தது நான் சொன்ன பொய்தான், அச்சில் பார்த்ததும் நானே நம்பிவிட்டேன். நான் சும்மா கிறுக்கியது போலவே நிஜமாக ஒரு காசு இருந்திருக்கிறது, என் கையில் ஏதோ வரம் இருக்கிறது என்று நினைத்தேன். குதிரையின் கழுத்து எவ்வளவு அழகு பாருங்கள் என்று இப்ராஹிம் மாமாவுக்கு விரலை வைத்துக் காட்டியதே நான்தான். மறுநாள் படம் எடுத்துக்கொண்டு போய் எட்வினிடம் பெருமையடித்தேன். அவன் பார்த்துவிட்டு, “கூறுகெட்டவனே, இது நாம அடிச்ச காசுலா. எங்கப்பா மோட்டார் தெரியலையாலே?” என்றான். இதுதான் தாமிரபரணிக் கரையின் இணையில்லாத கண்.

மதினி கோபப்பட்டால் என்னிடம் அனுப்பிவையுங்கள், நானே கேட்டுக்கொள்கிறேன். நீங்கள் வந்ததும் என்ன தண்டனை கொடுத்தாலும் சரி, பேசாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள். உங்கள் அறையிலிருந்து மட்டையை எடுத்துவிட்டேன். மதினி வீடு நாலு தெரு தள்ளித்தான் என்றாலும், எப்போதாவது இங்கேயும் வந்து படுங்கள். அல்லாஹ் உங்கள் இருவருக்கும் குறைவில்லாத பரக்கத்தைத் தரட்டும்.

துஆவை வேண்டும் தம்பி,
சல்மான் ஃபாரிஸ்