இத்தா வீட்டில் கடல் சாமந்தி

இரும்புலியூர்

அன்பு மகன் அசாருக்கு அம்மா மெஹர் பானு எழுதிக்கொள்வது, அஸ்ஸலாமு அலைக்கும். ஷார்ஜாவில் நீயும் மருமகள் சோயாவும் அல்லாஹ் கிருபையால் நல்லபடி இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நான் சுகம் என்று எழுதப் பேனா ஓடவில்லை, சுகமில்லை என்று எழுதவும் ஒன்றும் இல்லை. சாப்பிடுகிறேன், தொழுகிறேன், படுக்கிறேன். உன் அத்தா மௌத்தாகி, அடக்கத்துக்கு நீ வந்துவிட்டுப் போனதிலிருந்து இப்படித்தான் போகிறது. வருகிறவர்கள் கட்டிப்பிடித்து அழுகிறார்கள், நான் அவர்கள் முதுகைத் தட்டிக்கொடுத்து அனுப்புகிறேன். அத்தாவின் அக்கா, உன் பெரிய மாமி, என்னோடு தங்கியிருக்கிறாள், நான் அழவில்லை என்பது அவளுக்குப் பெரிய குறை.

போனில் நீ சொன்னதற்குப் பதிலாகத்தான் இதை எழுதுகிறேன். அத்தாவின் கடல் தண்ணீர்த் தொட்டியை யாருக்காவது கொடுத்துவிடுங்கள், புருஷன் போனவள் வீட்டோடு இருக்கிற நாலு மாதம் பத்து நாள் இத்தா முடிந்ததும் வீட்டைப் பூட்டிவிட்டு இங்கேயே வந்துவிடுங்கள் என்றாய். நானும் சரி என்றுதான் இருந்தேன். தொட்டியும் போகிற நிலையில்தான் இருந்தது. பார்க்கப் பூ மாதிரி இருந்தாலும் உயிருள்ள பிராணி என்பாரே, அந்தக் கடல் சாமந்தி, கொளத்தூர் கடையில் வாங்கி அத்தா மடியில் வைத்துக்கொண்டே ரயிலில் வந்தாரே, அது பழுப்பு நிறம் போய் வெள்ளைத் துணி மாதிரி ஆகி, சுருங்கி, பாறையை விட்டு நழுவிக் கிடந்தது. அதற்குள்ளேயே குடியிருந்த ஆரஞ்சு மீன் இரண்டும் ஒண்ட இடமில்லாமல் மூலையில் நின்றன. சாமந்தி செத்தால் தண்ணீர் கெட்டு மீனும் சாகும் என்று அத்தா சொல்லியிருக்கிறார். அது தெரிந்தும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை, பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அப்போதுதான் அத்தாவின் கூட்டாளி சவுரிமுத்து வழக்கம்போல் கோவளத்திலிருந்து கேனில் கடல் தண்ணீர் பிடித்து வந்தார். அவர் வீட்டிலும் இப்படி ஒரு தொட்டி உண்டு. நான் இத்தாவில் இருப்பதால் வெளி ஆண்கள் உள்ளே வரக்கூடாதே, அவர் கேட்டருகே நின்றுகொண்டார், அவர் மனைவி ரோஸிதான் உள்ளே வந்தாள். பார்ப்பாள், கேட்டுக்கு ஓடுவாள், அவர் கேட்டதை எடுத்துக்கொண்டு திரும்பி வருவாள். வற்றிய அளவுக்கு நல்ல தண்ணீர்தான் ஊற்றுகிறீர்களா, உப்பு ஏறிவிட்டதா, தண்ணீர் சூடேறாமல் மேலே ஃபேன் ஓடுகிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு அனுப்பினார். எல்லாம் அத்தா செய்தபடிதான், கை தானாகச் செய்துகொண்டிருந்தது. கடைசியில் ரோஸி நிமிர்ந்து பார்த்து, இன்னாக்கா லைட்டே எரியல என்றாள். இத்தா இருக்குற வூட்டுல இன்னாத்துக்குக் கல்யாண வூடு மாதிரி நீல லைட்டு என்று மாமிதான் அணைத்தது. எனக்கும் இருட்டு சௌகரியமாக இருந்தது, ஜன்னல் திரையையும் இழுத்துவிட்டேன். ரோஸி போய்ச் சொன்னதும் அவர் கேட்டிலிருந்தே போட்ட சத்தம் எனக்குக் கேட்டது, ஐயய்யோ அதுக்கு வெளிச்சந்தாம்மா சோறு, பட்டினி போட்டுகினு கீறீங்களே என்றார்.

ஒரேயடியாக எரிய விடாமல் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக நேரத்தைக் கூட்டச் சொன்னார். நான் போட்டேன், மாமி வந்து அணைத்தாள். எழுந்து போய் மறுபடி போட்டேன், இது சிங்காரம் இல்லை மச்சி, அதன் சாப்பாடு என்றேன். பிறகு அவள் அந்தப் பக்கம் கை நீட்டவில்லை. நிறம் இன்னும் முழுதாகத் திரும்பவில்லை, ஆனால் பாறையைப் பற்றிக்கொண்டுவிட்டது. நேற்று இறாலைப் பொடியாக நறுக்கி ஒரு துண்டை நீட்டினேன், அது இறாலோடு என் விரல் நுனியையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டது. அத்தனை பேர் கட்டிப்பிடித்தும் உறைக்காதது இதில் உறைத்தது அசார். ஈரக் கையோடு நின்று அழுதேன். மாமி எட்டிப் பார்த்துவிட்டுச் சத்தமில்லாமல் அடுப்படிக்குத் திரும்பிப் போனாள்.

அதனால் எனக்கு டிக்கெட் எடுக்காதே. உன்மேல் வருத்தம் ஒன்றுமில்லை. விடியலில் ஃபஜ்ர் தொழுதுவிட்டு மறுபடி போய்ப் படுத்துக்கொண்டிருந்தவள், இப்போது லைட் போட வேண்டுமே என்று உட்கார்ந்திருக்கிறேன். வீட்டைப் பூட்டினால் அதை யார் போடுவது? சோயாவை வேளைக்குச் சாப்பிடச் சொல், நீ வெயிலில் அலையாதே. வெள்ளிக்கிழமை அத்தாவுக்கு யாசீன் ஓத மறக்காதே. அல்லாஹ் உங்கள் இருவருக்கும் நீண்ட ஆயுளும் பரக்கத்தும் தரட்டும். லீவில் வரும்போது அத்தா உன்னிடம் கேட்டிருந்தாரே, அந்த நீல டியூப் லைட், அதை வாங்கி வா, இருப்பது மங்கிக்கொண்டு வருகிறது.

துஆவுடன்,
உன் அம்மா
மெஹர் பானு