உமரி மருந்து

அன்புள்ள அக்கா,

போனில் இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதனால் எழுதி, என் வீட்டுக்காரரிடம் கொடுத்தனுப்புகிறேன்.

நான் கூண்டு கழுவும் ஆராய்ச்சிக்கூடத்தில், மூட்டுத் தேய்ந்த முயல்களுக்கு உமரிச் செடியிலிருந்து எடுத்த மருந்தைக் கொடுத்தார்கள். நொண்டிக்கொண்டிருந்தவை இருபதாம் நாள் ஓடின. உன் முட்டியை நினைத்துத்தான் யாருக்கும் தெரியாமல் இரண்டு பாட்டில் எடுத்து வந்தேன். "நம்ம உப்புப் பாத்தி வரப்புல முளைக்கிறதுதானே, அது இன்னா பண்ணிடும்" என்று நீயும் சிரித்தாய்.

ஐந்தாவது வாரம் முயல்கள் தீனியைத் தொடவில்லை. இன்று காலை ஒன்றை அறுத்துப் பார்த்த டாக்டர், "முட்டி புதுசு மாதிரி இருக்குது. ஈரல்தான் போயிடுச்சு" என்றார்.

உன்னோடு உப்பு வாரும் பெண்களுக்கும் தினம் ஆளுக்கொரு மூடி ஊற்றிக் கொடுப்பதாகச் சொன்னாயே, அவர்களையும் கூட்டிக்கொண்டு இப்போதே ஆஸ்பத்திரிக்கு வந்துவிடு. வாரி முடிக்கட்டும் என்று நின்றுவிடாதே.

இரண்டே வாரத்தில் வலி சுத்தமாகப் போய்விட்டது என்று நேற்று போனில் சொன்னாய். பிறகு சொன்னாய், "பசிதான் எடுக்கல, வெயிலா இருக்கும்."

உன் தங்கை